பழைய இரும்பு கேட்டை ரிப்பேருக்குக் குடுக்கப் போறீங்களா, ஒரு நிமிஷம் இதைப் படிச்சிட்டுப் போங்க

கேட்டையும் தோட்டத்தையும் நாங்களே சேர்த்து முடிச்சுத் தரோம், பழைய வேலைப்பாட்டுல ஒரு பூ கூட மாறாதுன்னு வாய் நிறைய சொல்லிட்டு வந்த கான்ட்ராக்டர் எங்க வீட்டு வாசலை என்ன பண்ணி வச்சிருக்காருன்னு சொல்றேன்.

பழைய கேட்ல பெரும்பாலும் ரெண்டு விதமான இரும்பு இருக்கும். கம்பியும் சுருளும் தேனிரும்பு, காய்ச்சி அடிச்சு வளைச்சது. மேல இருக்கற ஈட்டி முனை, பூ எல்லாம் அச்சுல ஊத்தின வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்புல சாதா ராடு போட்டு வெல்டிங் அடிச்சா அப்போதைக்கு ஒட்டின மாதிரி தெரியும், ஆறும்போது வெல்டிங்குக்குப் பக்கத்துலயே கீறல் விட்டுடும். நிக்கல் ராடு போட்டு மெதுவா ஆற விடணும், இல்லன்னா கேஸ்ல பித்தளை ராடு வச்சு ஒட்டணும். இவங்க சாதா ராடுலயே அடிச்சுட்டு, கீறின இடத்துல பட்டி அப்பித் தேய்ச்சு மேல பளபளன்னு கருப்பு பெயிண்ட் அடிச்சுட்டாங்க, முதல் மழைக்கே பட்டி உப்பிக்கிச்சு.

அதைவிட மோசம், சில ஈட்டி முனையே எங்களோடது இல்ல. சந்தேகப்பட்டு காந்தத்தை வச்சா ஒட்டவே இல்ல, அலுமினியம்! பழசு எங்கப்பான்னு கேட்டா உடைஞ்சு போச்சு சார் பழைய இரும்புக்குப் போட்டாச்சுன்னு கூசாம சொல்றாரு.

பழைய பெயிண்டைச் சுரண்டினது இன்னொரு கூத்து. அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அந்தத் தூசி சின்னப் பிள்ளைங்களுக்கு ரொம்பவே ஆபத்து. இவங்க ஒரு தார்ப்பாய் கூட விரிக்காம வாசல் மண்ணு மேலயே கிரைண்டர் ஓட்டி, அதே மண்ணைத் தள்ளி புல்லு பதிச்சுட்டாங்க.

தோட்டக்காரங்க வந்து தரையை அரை அடிக்கு மேல ஒசத்தினாங்க, கேட்டு இடிச்சுது. மண்ணை எடுக்கணுமா இல்லையா? கேட்டோட அடிப்பகுதியை அறுத்துட்டாங்க!! கேட்டோட முழு எடையும் நிக்கற கீழ் முளையும் அது உக்காந்து சுழல்ற குழிக்கல்லும் இப்ப மண்ணுக்குள்ள, தண்ணி வேற அங்கதான் வந்து தேங்குது, துருப் பிடிக்காம என்ன செய்யும். பெரிய மரத்தோட அடித்தண்டைச் சுத்தியும் மண்ணைக் குவிச்சிருந்தாங்க, வேருக்குக் காத்து போகாம மரம் கொஞ்சம் கொஞ்சமா காயும், அந்த மண்ணை நாங்களே வெட்டி எடுத்தோம்.

வேலை குடுக்கறதுக்கு முன்னாடி எது வார்ப்பு எது அடிச்சது, எதை எப்படி ஒட்டுவேன்னு அந்த ஆளையே கேளுங்க, முழிச்சா அனுப்பிடுங்க. கேட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு போட்டோ எடுத்துக்குங்க, கழட்டின துண்டு எதுவும் நம்மகிட்ட கேக்காம வெளிய போகக் கூடாதுன்னு எழுத்துலயே வாங்கிடுங்க. தரை மட்டமும் தண்ணி ஓடுற வாட்டமும் முடிவான பிறகுதான் கேட்டை மாட்டணும். கடைசித் தவணைய ஒரு மழை பார்த்துட்டுக் குடுங்க.

பித்தளை ராடுல வார்ப்பிரும்பு ஒட்டத் தெரிஞ்ச ஆளு யாராவது உங்களுக்குத் தெரியுமா? கீறின பூவையாவது காப்பாத்தணும்.