கோவில் கமிட்டி, போலீஸ், வெல்ஃபேர்: முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் புருஷன் அடித்தான் என்றால், விஷயம் முதலில் போவது கோவில் தலைவரிடம். இரண்டு பெரியவர்கள் வருவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், அவனைச் சூடம் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். "பிள்ளைங்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று அவளுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சத்தியம் அடுத்த சம்பள நாள்வரை தாங்கினால் அதிசயம். அதற்காகப் பெரியவர்களை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கார் எடுத்து வர அவர்களை விட்டால் லயத்து வீடுகளில் யார் இருக்கிறார்கள்? காருக்குக் கூப்பிடுங்கள். தீர்ப்புக்கு வேண்டாம்.

அடுத்தது போலீஸும் வெல்ஃபேரும், அதாவது சமூகநலத் துறையும். போலீஸ் ரிப்போர்ட் போடாமல் வெல்ஃபேர் ஆபீஸ் எதுவும் செய்யாது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தை 2017இல் திருத்திய பிறகு அந்தப் பேச்சு செல்லாது. சமூகநலத் துறை அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். அதற்கு ரிப்போர்ட்டும் வேண்டாம், மாஜிஸ்திரேட்டும் வேண்டாம். ஆனால் அடிபட்டவளுக்கும், அடி விழும் என்று பயந்து நிற்பவளுக்கும்தான் அது. செல்லுபடி 7 நாள்.

ஏழு நாளில் என்ன ஆகும் என்று கேட்பார்கள். போலீஸுக்குப் போகலாமா வேண்டாமா என்று பயமில்லாமல் யோசிக்க முடியும். எனக்கு அதுவே பெரிசு. நீண்ட பாதுகாப்புக்குக் கடைசியில் ரிப்போர்ட் போட்டே ஆகவேண்டும். விசாரணை நடக்கும்வரை இடைக்காலப் பாதுகாப்பு ஆணை, வழக்கு கோர்ட்டுக்குப் போனால் 12 மாதம்வரை பாதுகாப்பு ஆணை. இரண்டும் கோர்ட் கொடுப்பவை. சின்ன ஊர், ஸ்டேஷனில் இருப்பவர் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் என்று தயங்கினால் ஈப்போவுக்குப் போய்ப் போடுங்கள். எந்த ஸ்டேஷனில் போட்டாலும் ரிப்போர்ட் ரிப்போர்ட்தான்.

"கோவில்ல தாலி கட்டினதோட சரிக்கா, ரெஜிஸ்டர் பண்ணல" என்று கூசிக்கொண்டு சொல்பவர்கள் உண்டு. கூச வேண்டாம். சமய, வழக்கச் சடங்குப்படி நடந்த கல்யாணம் பதியப்படாவிட்டாலும் இந்தச் சட்டம் அவளைக் காக்கும்.

காதலித்துப் பிரிந்தவன் பின்னால் அலைகிறான் என்றால் கணக்கு மாறும். அவன் குடும்பத்து ஆள் இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் அவனைத் தொடாது. இங்கே போலீஸ்தான் முதல் கதவு. தண்டனைச் சட்டத்தில் 507ஏ பிரிவு 2023இல் வந்தது. பின்தொடர்வது, வாசலில் சுற்றுவது, ஓயாமல் மெசேஜ் போடுவது, வேண்டாத பொருளை அனுப்புவது என்று பயமுறுத்தும் நோக்கத்தோடு இரண்டு தடவை செய்தாலே குற்றம். மூன்று வருடம்வரை சிறை. 'இரண்டு தடவை' என்பதை மனதில் வையுங்கள்: முதல் மெசேஜை அருவருத்து அழித்துவிட்டால் கையில் ஒன்றுதான் மிஞ்சும். தேதியும் நேரமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், தங்கச்சி. முன்னாள் கணவன் தொந்தரவு செய்தால் இரண்டு சட்டமும் கைகொடுக்கும்.

ரத்தக் காயம் என்றால் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம். 999, இல்லையென்றால் நேரே அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே நெருக்கடி மையம் இருக்கிறது. டாக்டர் எழுதும் குறிப்பு பின்னால் கோர்ட்டில் பேசும். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாவிட்டால் 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண். நடு ராத்திரியிலும் எடுப்பார்கள். பெண்கள் அமைப்புகளில் ஈப்போவில் பேராக் உமன் ஃபார் உமன் சொசைட்டி இருக்கிறது. போலீஸ், வெல்ஃபேர் வேகத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள், உட்கார்ந்து பேச ஆள் இருப்பார்கள்.

எந்தக் கதவுக்குப் போனாலும் ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் புத்தகம் கையில் இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு வீட்டில் அவை பக்கத்து வீட்டு அக்காவின் அரிசி டின்னுக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஆறு மாதமாக இருந்தன.