கருணை மனு எழுதித் தரும் டைப்பிங் கடை, தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் பக்கம்

சேலம் மத்தியச் சிறையில் ஆயுள் தண்டனையில் இருக்கும் எங்கள் சித்தப்பாவுக்காக கவர்னருக்கு மனு எழுத இந்தச் சின்னக் கடைக்குத்தான் போனோம், தாராளமாகப் போகலாம். கடைக்கார அண்ணன் முதலில் கேட்டது பணமில்லை, தீர்ப்பு நகல். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் என்றால், சட்டப்படி முன்விடுதலைக்கு 14 வருஷம் உள்ளே கழிந்திருக்க வேண்டும், ஆனால் அரசியலமைப்பின் 161வது பிரிவில் கவர்னருக்குள்ள அதிகாரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று பொறுமையாக விளக்கினார். அமைச்சரவை முடிவுக்கு கவர்னர் கட்டுப்பட்டவர் என்று பேரறிவாளன் வழக்கில் 2022இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

நம்ம ஊருக்கு 161 புதுசில்லை. பஸ் எரிப்பு வழக்கில் மூன்று பேர் 2018இல் அப்படித்தான் வெளியே வந்தார்கள், இறந்துபோன அந்த மூன்று மாணவிகளின் வீட்டாரை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் குறை சொல்லும் ஒரு வரிகூட மனுவில் வரக்கூடாது என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. பாட்டியின் உடல்நிலை, சித்தப்பா சிறையில் படித்தது, பரோலில் வந்து சரியாகத் திரும்பியது எல்லாம் தேதியோடு சேர்த்தார்.

இன்னொரு இடத்தில் கண்டிப்பாக விடுதலை என்று பெரிய தொகை கேட்டார்கள், அப்படி யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அப்புறம், திங்கட்கிழமை குறைதீர் நாள், கூட்டம் அதிகம். வக்கீல் வைக்க முடியாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், சிறையில் இருப்பவருக்கு இலவசம், போன் 15100.