நகர மீள்திறன் குறித்த பல்கலைக்கழகப் படிப்பு: ஒரு மதிப்புரை

பேரிடர்களைத் தாங்கி மீண்டெழும் நகரங்களைப் பற்றி ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையம் நடத்தும் எட்டு வார இணையவழிப் படிப்பை அண்மையில் முடித்தேன். வெள்ளத் தடுப்புச் சுவர், நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடம் என்று பொறியியலே மேலோங்கியிருக்கும் என எண்ணித்தான் சேர்ந்தேன். மூன்றாம் வாரம் அந்த எண்ணத்தை அடியோடு மாற்றிவிட்டது.

1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில், வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தனர். அருகருகே அமைந்த நார்த் லான்டேல், சவுத் லான்டேல் ஆகிய இரு பகுதிகளிலும் ஏழ்மையில் தனித்து வாழ்ந்த முதியோர் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தும், முன்னதில் லட்சத்துக்கு 40 பேரும் பின்னதில் 4 பேரும் இறந்ததைச் சமூகவியலாளர் எரிக் கிளைனன்பர்க் ஆராய்ந்தார். சவுத் லான்டேலின் கடைகளும் நடமாட்டமும் நிறைந்த தெருக்களில் முதியோர் வெளியே வந்தனர். நார்த் லான்டேலின் காலி மனைகளால் வெறிச்சோடிய தெருக்களில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தனர். பாடம் நடத்திய ஆசிரியர் இதை அவசரமின்றி, ஒவ்வொரு காரணமாக எடுத்து விளக்கிய விதம் மிகச் சிறப்பானது. அதே ஆண்டு ஜனவரியில் ஜப்பானில் நிகழ்ந்த கோபே நிலநடுக்கத்தின்போது இடிபாடுகளில் சிக்கியோரில் பெரும்பாலோரை மீட்டவர்கள் அக்கம்பக்கத்தாரே என்ற செய்தியும் இதனுடன் பொருத்தமாக இணைக்கப்பட்டிருந்தது.

அந்த வாரப் பயிற்சியில், மூன்று நாள் மின்சாரம் இல்லாமற்போனால் தெருவில் யார் யாருடைய கதவைத் தட்டுவார்கள் என்று வீட்டுக்கு வீடு கோடு வரையச் சொன்னார்கள். எங்கள் தெருவின் 22 வீடுகளில் ஐந்துக்கு எந்தக் கோடும் வரவில்லை. அவற்றுள் ஒன்றில் எண்பது வயதைக் கடந்த ஒருவர் தனியே வசிக்கிறார் என்பதைக் காகிதத்தில் பார்த்தபோது எனக்கு மனம் கனத்துப் போயிற்று.

ஆறாம் வாரம்தான் ஏமாற்றம். மழைநீரை உறிஞ்சும் நடைபாதைகளைப் பற்றி அழகான படங்களுடன் விளக்கியவர்கள், அவற்றின் துளைகளில் வண்டல் அடைத்துக்கொண்டால் அவை சாதாரணத் தளமாகவே மாறிவிடும் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். யார், எந்த நிதியில், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை துப்புரவு செய்வது என்று நான் கேட்ட கேள்விக்கு இரண்டு வாரம் கழித்து வந்த பதிலிலும் தெளிவில்லை. பராமரிப்பை விட்டுவிட்டு மீள்திறனைப் பேசுவது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

ஆகவே நகராட்சிப் பணியில் இருப்போர் ஆறாம் வாரத்தை மட்டும் நம்பித் திட்டம் தீட்ட வேண்டாம். குடியிருப்போர் சங்கங்களில் பொறுப்பு வகிப்போரோ, முதலிரண்டு வாரங்களைத் தள்ளிவைத்துவிட்டு மூன்றாம் வாரத்திலிருந்தே தொடங்கலாம்.