பிறந்த வருடமே பின் நம்பரா?

மன்னார்குடியில் இந்த முறை கல்யாணம், கோயில், உறவுக்காரர் வீடுகள் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. எழுத வேண்டியது அதைப் பற்றியல்ல. அம்மாவின் வங்கிக் கணக்குக்கு யுபிஐ பின் போட்டுக் கொடுத்த விதத்தைப் பற்றி. சிங்கப்பூர் திரும்பிய பிறகும் அது மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

அம்மாவுக்குப் புது ஏடிஎம் கார்டு வந்திருந்தது. வங்கிக் கிளை வாசலில் ஒரு தம்பி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். படிவம் நிரப்புவது, போனில் யுபிஐ போட்டுத் தருவது எல்லாம் அவர்தான். பொறுமையானவர், காசும் கேட்கவில்லை. அம்மாவின் போனை வாங்கிக் கார்டின் கடைசி ஆறு எண்களையும் அது காலாவதியாகும் மாதம், வருடத்தையும் தட்டினார். வந்த ஓடிபியையும் அவரே படித்து அவரே போட்டார். புது பின் கேட்டு அடுத்த திரை வந்ததும் ஆதார் ஜெராக்ஸை ஒரு பார்வை பார்த்தார், அம்மாவின் பிறந்த வருடத்தை இரண்டு முறை அழுத்தினார். வேலை முடிந்தது. மறந்துவிடக் கூடாதாம், அதே நான்கு எண்களைக் கார்டு உறையிலும் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

"என்ன தம்பி, நீங்களே போட்டுட்டீங்க?" என்றேன்.

"எல்லாருக்கும் இப்படித்தாங்க்கா. வேற நம்பர் வெச்சா மறந்துட்டு மறுநாளே வந்து நிப்பாங்க."

எல்லாருக்கும்! அன்று சாயங்காலம் அத்தையிடம் கேட்டேன், எதிர்வீட்டுத் தாத்தாவிடம் கேட்டேன். இருவருக்கும் அதே கதைதான். நம் ஊரில் ஆதார் ஜெராக்ஸ் எங்கெல்லாம் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்: கேஸ் ஏஜென்சி, சிம் விற்கிற கடை, லாட்ஜ், நகைக்கடன் கவுண்டர். அதில் அச்சடித்திருக்கிற வருடம்தான் பணத்துக்குப் பூட்டு என்றால், போன் தொலைகிற அன்று கணக்கும் சேர்ந்து போகும்.

அந்தக் காலத்தில் ஏடிஎம் பின் தபாலில், ஒட்டிய உறையில் வரும். அப்பா அதை எங்கள் எதிரில்கூடப் பிரிக்க மாட்டார். மனப்பாடம் ஆனதும் அடுப்பில் போட்டுவிடுவார். பணம் எடுக்கிற சீட்டில் கையெழுத்து கொஞ்சம் கோணினாலும் திருப்பிக் கொடுத்த கிளை இது. அந்தக் கண்டிப்பில் வளர்ந்தவர்களின் பின்னை இன்று வாசலில் இருப்பவர் போட்டுத் தருகிறார்.

சிங்கப்பூரில் வங்கி ஊழியர் நம் போனைத் தொடவே மாட்டார். ரகசிய எண் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெரிய மோசடி ஒன்று நடந்தபின், புது போனில் டிஜிட்டல் டோக்கனை, அதாவது பணம் அனுப்புவது நாம்தான் என்று வங்கிக்கு உறுதி சொல்லும் சாவியை, இயக்கினால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று 2022-இல் விதியே வந்தது. அப்போது எங்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அதன் அருமை புரிகிறது. ஆனால் ஒன்று, 2016-இல் வந்த யுபிஐ இன்று பூக்காரம்மாவின் கூடைவரை போயிருக்கிறது. எந்த வங்கியிலிருந்து எந்த வங்கிக்கும் கண்மூடித் திறப்பதற்குள் பணம் போய்ச் சேருவதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவே இருந்தது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டின் வாசலிலேயே இந்த ஓட்டை இருப்பதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளைக்கு உள்ளேயே போனேன். கவுண்டரில் இருந்த இளம்பெண் அலுவலர் விஷயத்தைக் கேட்டதும் எழுந்தே வந்துவிட்டார். பின்னை மாற்றக் கார்டு தேவையில்லை, பழைய பின் இருந்தால் போதும் என்றார். அம்மா கையிலேயே போனைக் கொடுத்து எந்த இடத்தில் தொட வேண்டும் என்று மட்டும் சொன்னார். எண் போடும் நேரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அம்மா நிதானமாக, ஒவ்வொன்றாக அழுத்தினார். என்ன எண் என்று என்னிடமும் சொல்லவில்லை.

"மறந்துட்டா என்னம்மா பண்றது?" என்று அம்மா கேட்டதற்கு, "மறந்தா ஒண்ணும் ஆகாதும்மா. கார்டும் ஓடிபியும் இருந்தா புதுசா போட்டுக்கலாம். பணம் உங்களுக்கு வர்றதுக்குப் பின் வேண்டவே வேண்டாம். யாராவது வாங்கிக்கப் பின் போடுங்கன்னு சொன்னா போனை வெச்சிடுங்க" என்றார். காய்கறி, பால் மாதிரி சில்லறைச் செலவுக்கு யுபிஐ லைட்டும் போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு தடவைக்கு 1000 ரூபாய் வரை பின் இல்லாமலே கொடுக்கலாம், மொத்தமாக 5000 ரூபாய்தான் இருக்கும். மறதி பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து வேறென்ன?

வாசல் தம்பி செய்கிற உதவியில் இருக்கிற ஆபத்து அவருக்கே தெரியாது. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தன் ரகசிய எண்ணைப் பகிர்ந்ததால் பணம் போனால், வங்கியிடம் புகார் சொல்லும்வரை ஏற்படும் இழப்பு முழுக்க அவர் தலையில்தான். உறையில் எழுதிக் கொடுத்தது யார் என்று அப்போது யாரும் கேட்கப்போவதில்லை. மேலாளரிடம் இதைச் சொல்லி, வாசல் மேசையில் யாரும் அடுத்தவர் பின்னைத் தொடக் கூடாது என்று பலகை வைக்கச் சொன்னேன். வைக்கிறேன் என்றார். ஊரை விட்டுக் கிளம்புகிறவரை வைக்கவில்லை.

அத்தையின் பின்னையும் மாற்றியாயிற்று. எதிர்வீட்டுத் தாத்தாவின் கணக்கில் பதிந்த சிம் திருச்சியில் பேரனிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது தாத்தாவை உட்கார வைத்து, அவர் கையாலேயே புது எண் போட வைக்கச் சொல்லியிருக்கிறேன்.