வெள்ளவத்தையில் வீணைக்கு மேளம் கட்டியது

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையின் பக்கம். உப்புக்காற்றுக்கு வீணைத் தந்தி துருப்பிடிக்கும், வெயிலுக்கு மெழுகு இளகும். இரண்டு வருடத்துக்கு முதல் அம்மாவின் வீணையை ஓரிடத்தில் கொடுத்து மேளம் கட்டினேன், அதாவது தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பிகளான மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதிப்பித்தேன். நாலு மாதத்தில் மெட்டுகள் அமுங்கிவிட்டன. எனக்கு அழுகையே வந்தது.

இந்தமுறை வீட்டுக்கே வந்து கட்டித்தரும் ஒரு ஐயாவைப் பிடித்தோம். திங்கள் வருகிறேன் என்றவர் வியாழன்தான் வந்தார். பாயில் இருந்தவுடன் கேட்டது ஒன்றுதான்: "என்ன பிள்ளை அதிகமா வாசிக்கிறனீங்கள்?"

"விரிபோணி" என்றேன். பைரவி ராகத்து வர்ணம் அது.

"அப்ப எட்டும் ஒன்பதும்தான் எனக்கு வேலை."

பைரவியில் 'த' ஸ்வரம் இரண்டு: ஏறும்போது சற்று உயர்ந்த சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது தாழ்ந்த சுத்த தைவதம். சாரணி என்ற முதல் தந்தியில் அவை ஒன்பதாம் மெட்டும் எட்டாம் மெட்டும். ஒன்று பிசகினாலும் பச்சிமிரியம் ஆதியப்பய்யரின் அந்த அடதாள வர்ணம் காட்டிக்கொடுத்துவிடும். பிரதாபசிம்மர், துளஜா காலத்துத் தஞ்சாவூர் அரசவை வித்துவான் அவர். ஆனால் இந்த வர்ணத்தில் அரசனைப் பாடவில்லை. நாயகி மனம் கொடுத்திருப்பது மன்னார்குடிக் கோயில் ராஜகோபாலனிடம். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகள் ஆதியப்பய்யரிடம் படித்தவர். மகன் கிருஷ்ணய்யர் வீணை வித்துவான். 1904இல் இசை நூலாசிரியர் சுப்பராம தீட்சிதர் ஆதியப்பய்யரைத் 'தான வர்ண மார்க்கதர்சி', அதாவது தான வர்ணத்துக்கு வழிகாட்டி, என்று எழுதினார். எனக்கு அந்தப் பட்டத்துக்கு 'விரிபோணி' ஒன்றே போதும்.

சரி, வேலைக்கு வருவோம். 24 மெட்டையும் கழற்றி, பழைய மெழுகைச் சுரண்டி எடுத்தார். தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் எல்லாம் சேர்த்துக் காய்ச்சினதில் வீடு முழுக்கக் கோயில் மணம். ஒவ்வொரு மெட்டையும் இளஞ்சூட்டு மெழுகில் பதித்து, மீட்டிப் பார்த்து, நகத்தால் மயிரிழை தள்ளி, திரும்ப மீட்டினார். ஒன்பதாம் மெட்டுக்கு மட்டும் இருபது நிமிடம் இருக்கும். கரி அப்பிய பெருவிரலால் மெட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தைவதத்தை மட்டும் முணுமுணுத்தபடி இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது, நான் கூப்பிடவில்லை.

இரண்டு நாள் வேலை. மெழுகும் புதுத் தந்திகளும் சேர்த்து 28,000 ரூபா. பேரம் பேச மனம் வரவில்லை.

முடிந்ததும் வர்ணத்தை வாசிக்கச் சொன்னார். அவர் தொடையில் தாளம் போட்டார்: ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு, மொத்தம் பதினாலு. நான் சுண்டுவிரலால் தாளத் தந்தியைத் தட்டிக்கொண்டு போனேன். 'சிறுநவ்வு மோமுன' சரணத்துக்கு வந்தபோது, இறங்கி வரும் சுத்த தைவதம் அம்மா வாசித்த அதே இடத்தில் வந்து இருந்தது. அவ இருந்திருந்தால் கேட்டிருப்பா.

இப்போது ஆறு மாதம் ஆகிறது, வெயில் காலமும் போய்விட்டது, ஒரு மெட்டும் அசையவில்லை. மேல் ஸ்தாயியில் 22ஆம் மெட்டில் மட்டும் தந்தி கொஞ்சம் உரசுகிறது. சொன்னேன், தீபாவளிக்குப் பிறகு வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார், அதற்குக் காசு வேண்டாமாம்.