செவ்வாயில் ரோவர் ஓட்ட சோலார் பேனலா, அணு பேட்டரியா?

செவ்வாயில் நாசா இறக்கிய ரோவர்களை மின்சாரத்தை வைத்து இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். 2004-இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி இரண்டும் சோலார் பேனலில் ஓடியவை. 2012-இல் இறங்கிய கியூரியாசிட்டியும் 2021-இல் இறங்கிய பெர்சிவியரன்சும் அணு பேட்டரியில் ஓடுபவை. புளூட்டோனியம்-238 தானாகச் சிதையும்போது வரும் சூட்டை, அசையும் பாகம் எதுவும் இல்லாமல் மின்சாரமாக மாற்றும் கருவி அது.

வாட் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஆப்பர்ச்சூனிட்டியின் பேனல்கள் புதிதில் சுமார் 140 வாட் தந்தன. கியூரியாசிட்டியின் பேட்டரி தொடக்கத்தில் தந்தது 110 வாட்தான். ஆனால் அந்த 140 வாட் நல்ல வெயில் இருக்கும் நாலு மணி நேரத்துக்கு மட்டும். 110 வாட்டோ இரவிலும் வரும். ஒரு நாள் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் அணு பேட்டரி தருவது நான்கு மடங்குக்கும் மேல்.

என்னைக் கேட்டால், மின்சாரத்தைவிடச் சூடுதான் பெரிய விஷயம். செவ்வாயின் இரவுக் குளிர் மைனஸ் 90 டிகிரியையும் தாண்டும். கியூரியாசிட்டியின் பேட்டரியில் பிறக்கும் வெப்பம் சுமார் 2,000 வாட். அதில் மின்சாரமாவது ஆறு சதவீதம் போல. மிச்சத்தின் ஒரு பகுதியைக் குழாய்களில் ஓடும் திரவம் ரோவரின் வயிற்றுக்குள் கொண்டுபோய் மின்னணுக் கருவிகளைக் குளிரிலிருந்து காக்கிறது. சோலார் ரோவர்களும்கூட இந்த உதவி இல்லாமல் போகவில்லை. ஒவ்வொன்றிலும் தலா ஒரு வாட் வெப்பம் தரும் எட்டு புளூட்டோனிய வில்லைகள் இருந்தன.

அப்புறம் தூசி. 90 நாள் திட்டத்தோடு போன ஆப்பர்ச்சூனிட்டி 14 ஆண்டுகள் உழைத்தது. பேனலில் படிந்த தூசியைக் காற்று அவ்வப்போது துடைத்துக் கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம். 2018 ஜூனில் வந்த புழுதிப்புயல் வானத்தையே மறைத்தது. ஜூன் 10-க்குப் பிறகு ஆப்பர்ச்சூனிட்டியிடமிருந்து பேச்சே இல்லை. அதே புயலில் கியூரியாசிட்டி வேலையை நிறுத்தவில்லை.

அதற்காக எல்லாவற்றிலும் அணு பேட்டரியை வைக்கச் சொல்ல மாட்டேன். சந்திரயான்-3-இன் லேண்டருக்கும் ரோவருக்கும் குறித்த ஆயுள் ஒரு நிலவுப் பகல், அதாவது பூமிக் கணக்கில் 14 நாள். அதற்கு சோலார் பேனலே சரியான தேர்வு. செவ்வாயிலும் சில மாத வேலைக்கு அதுவே போதும். ஆண்டுக்கணக்கில், குளிர்காலத்திலும் நகர வேண்டிய பெரிய ரோவர் என்றால் நான் அணு பேட்டரி பக்கம்.

ஆனால் அதற்கான எரிபொருள் கிடைப்பதுதான் கஷ்டம். அமெரிக்கா 1980-களின் இறுதியில் புளூட்டோனியம்-238 உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓக் ரிட்ஜ் ஆய்வகம் மீண்டும் தொடங்கி 2015-இல் முதலில் எடுத்துக் காட்டியது 50 கிராம். கியூரியாசிட்டிக்குள் இருக்கும் எரிபொருளோ 4.8 கிலோ.