கோட் பையா, இடுப்பா, தோளா? மினசோட்டா குளிரில் கைத்துப்பாக்கி

மினியாபோலிசில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சராசரியாக மைனஸ் 13 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். தெர்மல் உள்ளாடை, சட்டை, ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் தொடை வரை மூடும் பார்கா என்ற தடித்த கோட். கோடையில் டி-ஷர்ட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பிஸ்டலை மறைக்கவே பாடுபடுகிறவருக்கு இந்த உடுப்பில் மறைப்பது ஒரு வேலையே இல்லை. கவலை வேறு இரண்டு: அவசரத்தில் கைக்கு எட்டுமா? கோட்டைக் கழற்றியதும் துப்பாக்கி எங்கே இருக்கும்? இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தால் கோட் பை, இடுப்பு, தோள் என்ற மூன்று வழிகளில் எது தேறும் என்பது தெளிவாகிவிடும்.

முதலில் சட்டம், ஏனென்றால் நம்மவர்களில் பலருக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை. மினசோட்டாவில் பயிற்சி முடித்து, கவுண்டி ஷெரிஃபிடம் விண்ணப்பித்து, துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்ல உரிமம் வாங்க வேண்டும். அது 5 ஆண்டுகள் செல்லும். துப்பாக்கியை மறைத்தே ஆகவேண்டும் என்று இந்த உரிமம் சொல்வதில்லை. காற்றில் கோட் விலகி இடுப்பில் இருப்பது தெரிந்துவிட்டால் அது மட்டுமே குற்றமாகாது. எல்லா மாநிலமும் ஒன்றல்ல: மிச்சிகனில் போலீஸ் நிறுத்தினால் உங்களிடம் துப்பாக்கி இருப்பதை நீங்களாகவே உடனே சொல்ல வேண்டும், மினசோட்டாவில் அவர் கேட்கும்போது சொல்ல வேண்டும்.

குளிர்காலம் வந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கோட் பைதான். அதற்கென்றே செய்தது போல இருக்கிறது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர். 5 தோட்டா, .38 ஸ்பெஷல் வகை, எடை சுமார் 400 கிராம். சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது. இருட்டான கார் நிறுத்தத்தில் கையைக் கோட் பைக்குள் விட்டபடி நடந்தால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். குளிரில் எல்லோரும் அப்படித்தான் நடக்கிறார்கள். அந்தக் கை ஏற்கெனவே பிடியில் இருக்கிறது. வேறெந்த முறையும் இவ்வளவு வேகம் தராது. பைக்குள்ளிருந்தே சுட நேர்ந்தாலும் ரிவால்வர் நிற்காது. பிஸ்டலில் ஸ்லைடு என்ற மேல்பகுதி பின்னால் போகும்போது துணியில் சிக்கி, அடுத்த தோட்டா ஏறாமல் போகலாம்.

ஆனாலும் இதை முதன்மையான வழியாக நான் ஏற்கமாட்டேன். குட்டைக் குழல், நீண்டு கனத்த டிரிகர், எடை இல்லாததால் கையை உலுக்கும் பின்னுதைப்பு: இதில் குறி தவறாமல் சுட நிறையப் பழக்கம் வேண்டும். பைக்குள் டிரிகரை மூடும் பாக்கெட் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) கட்டாயம். சாவி, டிஷ்யூ, சில்லறை எதுவும் அந்தப் பையில் கூடாது. இதெல்லாம் ஒழுங்காகச் செய்துவிடலாம். செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. கோட் உடம்பின் பகுதி அல்ல, அது கழற்றப்படும்.

பொங்கல் சமயத்தில் இங்கே ஒரு வீட்டு விருந்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். வருகிறவர்களின் கோட்டுகள் எல்லாம் படுக்கையறைக் கட்டிலில் குவியும். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் அந்தக் குவியலில் குதித்து விளையாடுவார்கள். உணவகத்தில் கோட் நாற்காலி முதுகில் தொங்கும், அலுவலகத்தில் கொக்கியில். ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை நினைவாக எடுத்துவிடுவேன் என்பவர் மாதக்கணக்கில், ஒரு நாள்கூடத் தவறாமல் நினைவு வைத்திருக்க வேண்டும். குழந்தைகள் எடுக்கக்கூடிய இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைப்பது மினசோட்டாவில் குற்றம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் அந்தச் சட்டத்துக்குக் குழந்தைதான். சட்டம் இருக்கட்டும். அந்தக் கட்டிலில் குதிப்பது நம் பிள்ளைகள்.

இடுப்பில் கட்டியது கோட்டோடு போகாது. என் தேர்வு அதுதான், அதிலும் கோடையில் பழகிய அதே துப்பாக்கி. குளிர்காலம் தரும் உண்மையான சலுகை இங்கேதான் இருக்கிறது: கால்சட்டைக்குள் செருகும் ஹோல்ஸ்டரில் மெலிந்த குளோக் 43எக்ஸ் பிஸ்டலை (10 தோட்டா) வைத்திருந்தவர், பெல்ட்டுக்கு வெளியே மாட்டும் ஹோல்ஸ்டரில் முழுக்கையும் பிடிக்கக்கூடிய குளோக் 19-ஐ (15 தோட்டா) வைத்துக்கொள்ளலாம். அது விலாவில் குத்தாது, உட்கார எளிது. தொய்யாத கெட்டியான பெல்ட் வேண்டும்.

குறை, எட்டுவதில். மூடிய பார்காவுக்கு அடியில் இருப்பதை எடுக்க இரண்டு கை வேண்டும். ஒன்று கோட்டைத் தூக்க, ஒன்று எடுக்க. கீழிருந்தும் திறக்கும் இரட்டை ஜிப் உள்ள கோட்டாகப் பார்த்து வாங்கி, இடுப்பு வரை திறந்து வைத்தால் இது பாதி தீரும். கார் பெல்ட்டும் போட்டிருந்தால் தீராது; அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொன்று உயிர்போகும் விஷயம். பார்காவின் ஓரத்தில் இழுகயிறும் பிளாஸ்டிக் குமிழும் தொங்கும். துப்பாக்கியைத் திரும்ப உறையில் இடும்போது அந்தக் கயிறு டிரிகரைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்குள் புகுந்தால் துப்பாக்கி தானாகவே வெடிக்கக்கூடும், அதுவும் உங்கள் தொடையை நோக்கி. அந்தக் கயிற்றை உருவி எறியுங்கள். உறையில் இடும்போது கோட்டை நன்றாக விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக இடுங்கள். அங்கே வேகம் யாருக்கும் தேவையில்லை.

ஈரத்திலும் இடுப்பு முந்துகிறது. மினியாபோலிஸ் நகர மையத்தில் கட்டடங்களை இணைக்கும் ஸ்கைவே பாதைகளில் நடப்பவர் ஒரே நாளில் பலமுறை பனியிலிருந்து சூட்டுக்குள் நுழைகிறார். கோட் பையில் இருந்து சில்லிட்ட இரும்பு, சூடான அறையில் வியர்த்துவிடும். துரு அதில்தான் தொடங்கும். அந்த ஈரத்தோடு மறுபடி வெளியே போனால் உள்ளே உறையவும் கூடும். உடம்பை ஒட்டியிருப்பது அவ்வளவு குளிர்வதில்லை. எங்கே வைத்தாலும் குளிரில் கெட்டியாகும் கிரீஸைத் துடைத்துவிட்டு, குளிர் தாங்கும் மெல்லிய எண்ணெயை மிகக் கொஞ்சமாகப் போடுங்கள். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கி) பொருத்தியவர்கள் கண்ணாடியில் பனிமூட்டம் படிவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தோள் ஹோல்ஸ்டருக்கு ஓர் இடம் உண்டு: காரில் நெடுநேரம் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு. பெல்ட் போட்ட நிலையிலும் கை மார்புக்குப் போகும். ஆனால் கிடைமட்டமாகத் தொங்கும் வகையில் குழல் பின்னால் நிற்பவரைப் பார்க்கும். எடுக்கும்போது உங்கள் இடக்கையையே கடக்கக்கூடும். பல பயிற்சி மையங்கள் அதைப் பயன்படுத்த அனுமதிப்பதில்லை. பழக இடமில்லாத ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மூன்றுக்கும் பொதுவான எதிரி கையுறை. தடித்த கையுறை விரல், டிரிகரைத் தொட்டிருப்பதையே உணராது. 642 போன்ற சிறிய ரிவால்வரில் காப்பு வளையம் குறுகல். சுட்ட பிறகு டிரிகர் முழுதாக முன்னால் வரவிடாமல் துணி தடுக்கும். சுடும் கைக்கு மெல்லிய கையுறை போதும். அதற்கு மேல் எளிதில் உருவும் தடித்த ஒன்றைப் போட்டு, அதைப் பல்லால் கடித்து இழுத்தோ உதறியோ கழற்றப் பழகுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்து, துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்து, முழுக் குளிர் உடுப்பில் கோட்டை மூடியபடி வீட்டிலேயே எடுத்துப் பாருங்கள். சட்டையோடு பழகிய கை, பார்கா போட்டதும் எங்கே தடுமாறுகிறது என்று நவம்பரிலேயே தெரிந்துகொண்டால், கோட்டை மாற்றவோ ஹோல்ஸ்டரை மாற்றவோ நேரம் இருக்கும்.